செம்புக் குழாய் வேறு, குப்ரோ நிக்கல் வேறு

அம்பாசடர் காரின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் மாற்றும்போது ஃப்ரிட்ஜ் செம்புக் குழாயையே பிரேக் லைனாக, அதாவது பிரேக் ஆயில் போகிற குழாயாகப் போடலாம், துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம் என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். தப்புங்கண்ணா. துருப்பிடிக்காது, சரி. ஆனால் வெறும் செம்பு வண்டி அதிர்வில் நாளாக நாளாக இறுகி ஃப்ளேர் (இணைப்புக்காக விரித்த குழாய் முனை) பக்கத்தில் விரிசல் விடும், அதுவும் டிரம்மில் ஷூ தானாக இறுக்கிக்கொள்ளும் உதவி டிஸ்க்குக்குக் கிடையாது என்பதால் லைனில் அழுத்தம் கூடுதலாகத்தான் வேண்டும், ஓங்கி மிதித்தால் 1000 பிஎஸ்ஐயைத் தாண்டும். அவர் கேள்விப்பட்டது அநேகமாக குப்ரோ நிக்கல். அதில் செம்போடு சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்திருக்கும், பிரேக்குக்கென்றே வருவது. பார்வைக்குச் செம்பு மாதிரியே இருப்பதால் வந்த குழப்பம். போட்டால் குப்ரோ நிக்கல், இல்லையென்றால் 3/16 அங்குல இரட்டைச் சுவர் ஸ்டீல் குழாய், இரண்டில் ஒன்றுதான். முனைக்கு ஒற்றை ஃப்ளேர் ஆகாது. காலிப்பருக்கு (டிஸ்க்கைப் பேடால் அழுத்திப் பிடிக்கும் பாகம்) போகிற கடைசித் துண்டு மட்டும் வளைந்துகொடுக்கும் ஹோஸ், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்து அதற்கு நீளம் எடுங்க. அப்புறம், பெடல் மிதியில் ஆயிலைத் தள்ளும் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டருக்குள், காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் ரெசிடுவல் வால்வு இருந்தால் பேட் விடாமல் உரசிச் சூடேறும், அதற்கு லைனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு இடத்தில் குழாய் விட்டால், நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதையாக இருக்கும் ஒற்றை சர்க்யூட் வண்டியில் நாலுக்கும் பிரேக் போய்விடுங்க.