ஏலியன்ஸ் 4கே டிஸ்க்: பளிச்சென்று இருந்தால் போதுமா?

ஒரு படத்தின் டிஸ்க்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “பிரிண்ட் க்ளியரா இருக்கா?” என்பதுதான். அதில் தப்பில்லை. பர்மா பஜாரில் பேரம் பேசி டிஸ்க் வாங்கி வளர்ந்த ஊர் இது. நடுவில் எவனோ எழுந்து பாத்ரூம் போகாத பிரிண்ட் கிடைத்தாலே பிறவிப்பயன் அடைந்துவிட்டதாக நினைத்த தலைமுறை நாங்கள். அதனால் க்ளியர் என்பதே ஒரே அளவுகோல் ஆகிவிட்டது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஜேம்ஸ் கேமரூனின் ஏலியன்ஸ் 4கே டிஸ்க்குக்கு (ப்ளூரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட பிம்பம்) நூற்றுக்கு நூறு போடலாம். நான் அறுபது போடுவேன். அதிலும் பாதி சவுண்டுக்காக.

படத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் பாகமான ஏலியனில் ஒரு கப்பல், ஏழு பேர், ஒரே ஒரு ஜந்து. 1986இல் கேமரூன் அதையே கையில் எடுத்து, துப்பாக்கியும் வியர்வையுமாக ஒரு போர்ப்படம் ஆக்கினார். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் சவுண்ட் எஃபெக்ட்ஸ் எடிட்டிங்குக்கும் ஆஸ்கர் வாங்கியது. கதாநாயகி ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவருக்கு சிறந்த நடிகைக்கான பரிந்துரையே கிடைத்தது. இந்த மாதிரிப் படத்தில் நடித்தவருக்கு அப்போது அது சாதாரண விஷயமில்லை. தியேட்டரில் ஓடியது 137 நிமிடம், பின்னால் வந்த ஸ்பெஷல் எடிஷன் 154 நிமிடம். டிஸ்க்கில் இரண்டும் இருக்கின்றன, அதற்கு ஒரு நன்றி. முதல்முறை பார்ப்பவர்கள் தயவுசெய்து சின்னதையே பாருங்கள். நீண்ட வடிவத்தில், வேற்றுக் கிரகத்தில் மனிதர்கள் குடியேறிய காலனியை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவதால், பிற்பாடு வீரர்கள் இருட்டில் உள்ளே நுழையும்போது வர வேண்டிய பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ரிப்ளியின் மகளைப் பற்றிய காட்சி மட்டும் அதில் தங்கம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிலிமில் எடுத்த படத்தில் கிரெயின் இருக்கும். பிம்பமே வெள்ளி உப்புத் துகள்களில்தான் பதிகிறது. டெவலப் செய்த பிறகு அந்தத் துகள்களின் சுவடுதான் திரையில் பொடிப்பொடியாக அசைந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் குறைவாக இருக்கும் இடத்தில் எடுக்க வேகமான பிலிம் வேண்டும். வேகமான பிலிமில் துகள் பெரிது, கிரெயினும் அதிகம். ஏலியன்ஸ் முக்கால்வாசி இருட்டிலும் புகையிலும் நடக்கும் படம். அதற்காகப் பயன்படுத்திய நெகட்டிவ் அப்போதுதான் புதிதாக வந்தது, அவ்வளவு நன்றாக அமையவில்லை, அடுத்த வருடமே அதை மாற்றிவிட்டார்கள் என்று கேமரூனே சொல்லியிருக்கிறார். மனிதருக்கு அது ரொம்ப நாளாக உறுத்தல். 2010இல் ப்ளூரே வந்தபோதே கிரெயினை எல்லாம் எடுத்துவிட்டேன் என்று அறிவித்தார். ஆனால் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் கிரெயின் நல்லபடியாகவே மிச்சமிருந்தது. வாய்தான் பெரிசு, கை அடக்கமாக வேலை செய்திருந்தது.

இந்தமுறை கை அடங்கவில்லை. 2023 டிசம்பரில் டிஜிட்டலாகவும், 2024 மார்ச்சில் டிஸ்க்காகவும் வந்த 4கே பதிப்புக்கு, நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சனின் பார்க் ரோட் போஸ்ட் நிறுவனத்தில் மெஷின் லேர்னிங் மென்பொருள் கொண்டு வேலை நடந்தது. இந்த வகை மென்பொருள் துகளை அழிப்பதோடு நிற்பதில்லை. அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. நிஜமாகவே நெகட்டிவில் இருந்த விவரம் எது, அது ஊகித்துப் போட்டது எது என்று பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் கண்ணுக்கு உறுத்தும். ரிப்ளி நீண்ட தூக்கத்திலிருந்து விழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஆள் பர்க் அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவானே, அது. பழைய டிஸ்க்கில் அந்த முகத்தில் தோல் இருந்தது, களைப்பு இருந்தது, 57 வருடம் தூங்கியவளின் வெளிறல் இருந்தது. புதியதில் நெற்றி வழவழவென்று கிடக்கிறது, ஆனால் இமைமுடி மட்டும் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் துல்லியம். ஒரே முகத்தில் ஒரு பாகம் மிருதுவாகவும் பக்கத்திலேயே ஒரு பாகம் கூர்மையாகவும் எந்த லென்ஸும் எடுக்காது. அப்புறம் அந்தச் சின்னப் பெண் நியூட். வாரக்கணக்கில் குழாய்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தவள். அழுக்கும் சிக்குமாக இருக்க வேண்டிய அவள் தலைமுடி இழை இழையாகப் பிரிந்து நிற்கிறது. பாலிஷ் போட்ட அரிசி பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். தவிட்டோடு என்ன போனது என்பதைத் தின்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

வேளச்சேரியில் ஒரு நண்பன் 65 இஞ்ச் டிவி வாங்கிய கையோடு எங்களை எல்லாம் கூப்பிட்டு இந்தப் படத்தைப் போட்டான். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில், “மச்சி, நேத்து எடுத்த படம் மாதிரி இருக்குடா!” என்றான், முகமெல்லாம் பெருமை. அவன் பாராட்டாகச் சொன்னான். எனக்கு அதைவிடச் சரியான குற்றச்சாட்டு கிடைக்காது. நாற்பது வருடத்துக்கு முந்தைய படம் நேற்று எடுத்ததுபோல எதற்கு இருக்க வேண்டும்?

இதைச் சொன்னால் பழமைவாதி என்பார்கள். காரணம் ஏக்கம் மட்டுமில்லை. இந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். திரையில் நூற்றுக்கணக்கான ஏலியன்கள் சுவரெல்லாம் ஊர்வதுபோலத் தெரிகிறது, கையில் இருந்தது ஏறக்குறைய ஆறு உடைகள்தான். வீரர்கள் தூங்கும் அறையில் வரிசையாகத் தெரியும் பெட்டிகளில் பாதி, கண்ணாடி வைத்துக் காட்டிய பிரதிபலிப்பு. காலனிக் கட்டடங்கள், வாகனங்கள் எல்லாம் ராபர்ட் ஸ்கோடக், டென்னிஸ் ஸ்கோடக் சகோதரர்களின் மினியேச்சர் வேலை. கப்பல் நொறுங்கி உருண்டு வரும்போது நடிகர்கள் சிதறி ஓடுவது, பின்னால் திரையில் ஓடவிட்ட காட்சிக்கு முன்னால் நின்று எடுத்தது. ராணி ஏலியன் ஸ்டான் வின்ஸ்டன் குழு கட்டிய 14 அடி பொம்மை, உள்ளே இரண்டு ஆட்கள். இடைச்செருகலாக ஒன்று: நம்ம எந்திரனுக்கு ரோபோ பொம்மைகள் செய்து கொடுத்த லெகசி எஃபெக்ட்ஸ், இதே வின்ஸ்டன் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் அவர் காலத்துக்குப் பின் தொடங்கியது.

இத்தனை பித்தலாட்டத்தையும் ஒன்றாகக் கட்டி நம்ப வைத்தது எது? இருட்டு, புகை, கிரெயின். ஒளிப்பதிவாளர் ஏட்ரியன் பிடில் விளக்கு வைத்ததே அந்த பிலிமில் எப்படிப் பதியும் என்று பார்த்துத்தான். மினியேச்சருக்கும் நிஜ செட்டுக்கும் மேல் ஒரே கிரெயின் படர்ந்திருந்ததால் கண் இரண்டையும் ஒரே உலகமாக ஏற்றுக்கொண்டது. கிரெயினை வழித்தெடுத்ததும் முன்னால் ஓடுகிற ஆள் தனி, பின்னால் எரிகிற கப்பல் தனி என்று பிரிந்து தெரிகிறது. அந்த பிலிம் தற்செயலாக மோசமாக அமைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தற்செயலை நம்பித்தானே அத்தனை பேரும் வேலை செய்தார்கள்?

நண்பன் வீட்டில் இன்னொரு கூத்து. டிவி கடையில் வைத்திருந்த அதே விவிட் மோடில் (நிறத்தையெல்லாம் தூக்கலாகக் காட்டுவது) ஓடிக்கொண்டிருந்தது, மோஷன் ஸ்மூத்திங் வேறு. ரிப்ளி நடந்தால் மெகாசீரியல் மாமியார் நடப்பதுபோல இருந்தது. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டிவியே புது ஃபிரேம் செய்து செருகினால் அப்படித்தான் இருக்கும். முதலில் ரிமோட்டைப் பிடுங்கி அதை அணைத்தேன். டிவியின் கைவேலை இல்லாமல் படத்தை எடுத்தபடியே காட்ட 2019இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் இப்போது பல டிவிகளில் இருக்கிறது. அதைப் போடுங்கள், இல்லையென்றால் சினிமா மோட். டிவி செய்கிற கோளாறுக்கு டிஸ்க்கைத் திட்டக்கூடாது. அணைத்த பிறகும் மேலே சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது என்பதால்தான் இந்தப் பதிவு.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு நிஜமாகவே கறுப்பு. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் ஹெச்டிஆரில் துப்பாக்கி முனையின் தீப்பொறி, அபாய விளக்கின் சிவப்பு, ராணியின் கூட்டில் நெருப்பு எரிகிற இடம் எல்லாம் அற்புதம். தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் அட்மாஸ் சவுண்டில், ஏதாவது அசைந்தால் காட்டிக்கொடுக்கும் அந்த மோஷன் டிராக்கர் கருவியின் ‘பிப்... பிப்’ நெருங்க நெருங்க, கூரையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஜேம்ஸ் ஹார்னர் நெருக்கடியான அவகாசத்தில் அவசர அவசரமாக எழுதிய இசை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அபார்ட்மென்ட்வாசிகள் கீழ்வீட்டு மாமியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு சவுண்டை ஏற்றவும்.

“டைரக்டரே உட்கார்ந்து செய்தது, உனக்கென்ன?” என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. கேமரூனும் சும்மா இல்லை. கிரெயினை ஆராய்கிறவர்கள் அம்மா வீட்டு அடித்தளத்தை விட்டு வெளியே வந்து நாலு மனிதர்களைப் பார்க்கட்டும் என்கிற ரீதியில் நக்கலடித்துவிட்டார். சென்னையில் அடித்தளம் இருந்தால் மழைக்குத் தண்ணீர்தான் நிற்கும், ஆகவே அந்த அம்பு என்மேல் படவில்லை. அவர் படம், அவர் மாற்றிக்கொள்ளலாம். என் சண்டை அதோடு இல்லை. புதிய மாஸ்டர் (எல்லாப் பிரதிகளுக்கும் மூலமான பதிப்பு) வந்ததும் ஓடிடியிலும் டிஜிட்டல் கடையிலும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1986இல் தியேட்டரில் பார்த்ததற்குப் பக்கத்தில் வரும் ஒன்று வேண்டும் என்பவன் இனி பழைய டிஸ்க்கைத் தேடி அலைய வேண்டும். இவருடைய டெர்மினேட்டர் 2 படத்துக்கும் இதே கதைதான். 3டி மாற்றத்துக்காகச் செய்த மாஸ்டரை வைத்து 2017இல் வந்த 4கே டிஸ்க்கில் யார் தோலிலும் துவாரமே கிடையாது.

இப்படித்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமா? இல்லவே இல்லை. இதே தொடரின் முதல் படமான ஏலியன், நாற்பதாவது ஆண்டையொட்டி 2019இல் 4கே டிஸ்க்காக வந்தது. மூல நெகட்டிவை 4கேயில் ஸ்கேன் செய்து, ரிட்லி ஸ்காட் மேற்பார்வையில் செய்த வேலை. கிரெயின் இருக்கிறது, சீராக இருக்கிறது, முகங்கள் முகங்களாக இருக்கின்றன. கப்பலின் தாழ்வாரங்களில் ஈரம் சொட்டுவது தெரிகிறது. இதுவும் டைரக்டர் உட்கார்ந்து செய்ததுதான். இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள், நான் எழுதியதை எல்லாம் படிக்கவே வேண்டாம்.

இங்கே டிஸ்க் கிடைப்பது தனிப் புலம்பல். உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து டிஸ்க்கைப் பூட்டிய கணக்கில், டிவிடி காலத்தில் நாம் ரீஜன் 5, ப்ளூரேயில் ரீஜன் சி. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தது நம் பிளேயரில் ஓடாத கொடுமை பலருக்கும் தெரியும். 4கே டிஸ்க்கில் ரீஜன் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் தனி பிளேயரும் வேண்டாம். ஆனால் தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் படத்தின் விலை படத்துக்கே தெரியாது. அவ்வளவு கொடுத்து வாங்குகிறவன் ஓடிடியில் வருவதைவிடப் பல மடங்கு டேட்டா உள்ள படத்தை எதிர்பார்க்கிறான். டேட்டா கிடைக்கிறது. அந்த டேட்டாவில் பாதி மென்பொருளின் கற்பனை என்றால் வயிறு எரியுமா எரியாதா?

இதே 1986இல் நம் ஊரிலும் ஒரு விஞ்ஞானப் படம் வந்தது. சுஜாதா எழுத்தில், கமல் நடித்த விக்ரம். அக்னிபுத்திரன் ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை நாடு, கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. எனக்குப் பார்க்கக் கிடைத்த பிரதிகளில் ஓரத்தில் சேனல் லோகோ, நிறம் வெளுத்து, மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டு இருந்தது. 1964இல் வந்த கர்ணனை டிஜிட்டலில் சீரமைத்து 2012இல் தியேட்டரில் கொண்டாடிய ஊர் இது. வெளிநாட்டுப் படங்களையே ஃபிரேம் ஃபிரேமாகச் சீரமைத்துக் கொடுக்கும் பிரசாத் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. விக்ரமுக்கு ஒரு நல்ல டிஸ்க் வந்தால் கியூவில் முதல் ஆள் நான். ஆனால் அன்றைக்கும் நம் ஆட்கள் “க்ளியரா இருக்கா?” என்றே கேட்டால், விற்கிறவர் கமலின் முகத்தையும் வழவழவென்று தேய்த்துத்தான் கொடுப்பார்.

வாங்கலாமா என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: முதலில் 2019 ஏலியன் 4கே வாங்குங்கள். ஏலியன்ஸ் பழைய ப்ளூரே கையில் இருந்தால் 4கே வந்துவிட்டதே என்று யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். புதியதை விலை பாதியாக இறங்கும்போது சவுண்டுக்காக வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஸ்பீக்கர் இல்லாத வீட்டுக்கு அதுவும் தேவையில்லை.