முதல் சம்பளத்தோடு பங்குச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமான பிள்ளைகள் ஷேர் மார்க்கெட் பற்றி ஆர்வமாகக் கேட்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நம் வீடுகளில் பலரும் சீட்டு, நகை, எல்ஐசி இவற்றைத் தாண்டி யோசித்ததே இல்லை. அந்த வகையில் இது நல்ல மாற்றம். ஆனால் அவர்கள் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

பங்கு வாங்கத்தான் கணக்கு தொடங்குகிறார்கள். சில மாதம் கழித்துக் கேட்டால் ஆப்ஷன்ஸில் நிற்கிறார்கள், அதாவது பங்கையே வாங்காமல் விலை ஏறுமா இறங்குமா என்று போடும் குறுகிய கால ஒப்பந்தங்களில். சந்தைக் குறியீடுகளான நிஃப்டி, சென்செக்ஸ் மீதான அந்த ஒப்பந்தங்கள் முடியும் நாளைத்தான் எக்ஸ்பைரி என்கிறார்கள். இப்போது செவ்வாய்க்கிழமை நிஃப்டி எக்ஸ்பைரி, வியாழக்கிழமை சென்செக்ஸ் எக்ஸ்பைரி. அந்த நாட்களில் மத்தியானத்துக்கு மேல் எங்கள் அலுவலகத்துப் பையன்கள் சிலர் சாப்பாட்டைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை இவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 100க்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு எண்: இதில் இறங்கியவர்களில் 30 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் 2022-23இல் 31 சதவீதம், அடுத்த வருடமே 43 சதவீதம். 2024-25க்கான கணக்கும் வந்துவிட்டது. அதிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

ஒரு தம்பி தன் காண்ட்ராக்ட் நோட்டை, அதாவது அன்றைய வாங்கல் விற்றலுக்கு புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டைக் காட்டினான். அன்று ஒரே நாளில் பத்து முறை வாங்கிப் பத்து முறை விற்றிருக்கிறான். ஆர்டருக்கு 20 ரூபாய் வீதம் புரோக்கரேஜ் 400. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72. அப்புறம் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி தனி. ஜெயித்தாலும் தோற்றாலும் இது போயே தீரும். "புரோக்கரேஜ் கம்மிதானே அண்ணா" என்றான். ஒரு ஆர்டருக்குக் கம்மிதான். வாரத்தில் ஐந்து நாளும் இப்படிச் செய்தால் மாதத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே போனில் கணக்குப் போடச் சொன்னேன். புரோக்கரேஜும் ஜிஎஸ்டியும் மட்டுமே பத்தாயிரத்தை நெருங்கியது.

"கையில் இருப்பதே கொஞ்சம், சீக்கிரம் பெருக்கினால்தானே உண்டு?" என்று கேட்பார்கள். இதற்குத்தான் இந்தப் பதிவே. ஆரம்பத்தில் ரிட்டர்ன் சதவீதம் பெரிய விஷயமே இல்லை. மாதம் 3,000 ரூபாய் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தால் வருடக் கடைசியில் கிடைக்கும் லாபம் 2,400 ரூபாய் அளவுக்கு. அசகாய சூரராக இருந்து 24 சதவீதம் எடுத்தாலும் 5,000 சொச்சம்தான். வித்தியாசம் மூவாயிரம்கூட இல்லை. அதே ஆள் மாதம் 500 ரூபாய் கூடுதலாகப் போட்டால் 6,000 ரூபாய் நிச்சயமாகச் சேர்ந்துவிடும். முதல் சில வருடங்கள் பணத்தை வளர்ப்பது உங்கள் சம்பளமும் சேமிப்பும்தான். சதவீதத்தின் வேலை தொகை பெரிதான பிறகுதான் தெரியும். அதற்குள் போட்ட முதலையே தொலைத்துவிடக் கூடாது.

சரி, எப்படித் தொடங்குவது? வட்டி அதிகமுள்ள கிரெடிட் கார்டு பாக்கியோ பர்சனல் லோனோ இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். வீட்டில் நகை அடகில் இருந்தால் அதையும் மீட்டுவிடுங்கள். இப்படி மிச்சமாகும் வட்டியும் வருமானம்தான். மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்க பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும். எஃப் அண்ட் ஓ வேண்டுமென்றால் மட்டும் வருமானச் சான்று கேட்பார்கள், சம்பளச் சீட்டோ ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டோ. அதைக் கொடுக்காதீர்கள். நாமினி பெயரை அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். உங்கள் பங்குகள் இருப்பது என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற காப்பக நிறுவனத்தில். புரோக்கர் வெறும் வழிதான். அந்தக் காப்பகத்திலிருந்து மெயிலில் வரும் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முதலில் ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (நிஃப்டியில் உள்ள 50 கம்பெனிகளையும் அப்படியே வாங்கும் ஃபண்ட்), இடைத்தரகர் இல்லாத டைரக்ட் பிளானில், மாதாமாதம் போடும் எஸ்ஐபியாக. அவ்வளவு போதும். 2013இலிருந்து டைரக்ட் பிளான் இருக்கிறது. கமிஷன் கிடையாது.

தனிப் பங்கு வாங்கும் ஆசை வரும், வரட்டும். ஆனால் "விலை கம்மியா இருக்கு, ஆயிரம் ஷேர் வாங்கலாம்" என்று மட்டும் போகாதீர்கள். நம்ம சென்னை எம்ஆர்எஃப் பங்கு 2023இல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வோடஃபோன் ஐடியா பத்து ரூபாய்ப் பக்கம் கிடந்தது. எது மலிவு? எம்ஆர்எஃப்பின் மொத்தப் பங்குகளே 42 லட்சம் சொச்சம்தான். வோடஃபோன் ஐடியாவுக்கோ, 2025இல் அரசு தனக்கு வர வேண்டிய பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்ட பிறகு, 10,800 கோடிப் பங்குகளுக்கு மேல். பங்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் முழுக் கம்பெனியின் விலை 86,000 கோடியைத் தாண்டுகிறது. எம்ஆர்எஃப் பங்கை ஒன்றரை லட்சமாக வைத்தால்கூட முழுக் கம்பெனிக்கும் 64,000 கோடிக்குள்தான் வரும். பங்கின் விலையை வைத்துக் கம்பெனியை எடைபோட முடியாது. லாபம், கடன், நடத்துகிறவர்கள் இதையெல்லாம் ஆண்டறிக்கையில்தான் பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனமான டிஹெச்எஃப்எல் திவாலாகி 2021இல் கைமாறியபோது, பங்குதாரர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

இறக்கமும் வரும். 2008 ஜனவரியில் 6,300ஐத் தொட்ட நிஃப்டி அக்டோபரில் 2,300க்குக் கீழே போனது. 2020 கொரோனாவில் இரண்டே மாதத்தில் 12,400இலிருந்து 7,600க்குக் கீழே. இரண்டு முறையும் மீண்டு வந்தது, ஆனால் அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர்கள் அடிமட்டத்தில் விற்க வேண்டியதாயிற்று. ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் கல்யாணச் செலவுப் பணத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

டெலிகிராமில் "உறுதியான லாபம்" என்கிறவர்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, பிளாக் செய்யுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.

கடைசியாக, ஆப்ஷன்ஸில் ஏற்கெனவே பணம் விட்டவர்களுக்கு. விட்டதைப் பிடிக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். இன்றைக்கே ஆப்பில் எஃப் அண்ட் ஓ பகுதியை மூடிவிட்டு வீட்டில் யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. அப்புறம் வருமான வரிக் கணக்கில் இந்த நஷ்டத்தை மறைக்காதீர்கள். இது தொழில் நஷ்டமாகத்தான் சேரும், ஐடிஆர்-3 படிவம். கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருடம் வரை அதை முன்கொண்டு சென்று, பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழிக்கலாம். ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.