அந்த "தானே" தான் எனக்கு சுட்டது

ஞாயிற்றுக்கிழமை லைவில ஒரு தம்பி, இத்தாலியில முந்தி பிரதமராவும் ஜனாதிபதியாவும் இருந்த சாம்பியைப் பற்றிக் கதைச்சவர். பாத்த ஆக்களுக்கு விசயம் தெரியும், திரும்ப முதல்ல இருந்து சொல்லேல்லை. தம்பியின்ர பேரும் போடேல்லை, அவரோட எனக்கு கோவமும் இல்லை. ஆனா அந்த ஒரு வசனம் மூண்டு நாளா நெஞ்சுக்க முள்ளு மாதிரி கிடக்குது. "சாம்பியோ, அவன் ஒரு பாங்க்காரன் தானே, ஆர் அவனுக்கு வோட்டுப் போட்டது?" கீழ முழுக்க சிரிப்பு இமோஜி. எனக்குத் தெரிஞ்ச ஆக்களும் சிரிச்சிருக்கினம்.

பாங்க்காரன்தான், ஆர் இல்லையெண்டது? கார்லோ அட்செல்யோ சாம்பி 1946ல இத்தாலி மத்திய வங்கியில சேர்ந்து 1993 வரைக்கும் அங்கதான் வேலை செய்தவர், கடைசி 14 வருசம் கவர்னர். ஆனா அந்த "தானே" இருக்கே, அதுதான் எனக்குச் சுட்டது. 95 வருசம் வாழ்ந்த ஒரு மனுசனை ஒரு "தானே"க்குள்ள அமுக்கிப் போடலாமோ?

அவர் முதல் படிச்சது கணக்குமில்லை, பொருளாதாரமுமில்லை. 1920ல லிவோர்னோவில பிறந்து, பீசாவில கிரேக்க இலக்கியம் படிச்சு 1941ல பட்டம் எடுத்தவர். பிறகு யுத்தம், அல்பேனியாவில லெப்டினன்ட். 1943 செப்டம்பர் 8 இத்தாலி சரணடைஞ்ச செய்தி வந்த உடன ஜெர்மன்காரன் நாட்டைப் பிடிக்க, முசோலினியின்ர ஆக்கள் வடக்கில புது அரசாங்கம் போட்டு பெடியளை திரும்ப பட்டாளத்துக்கு வா எண்டு கூப்பிட, இவர் போகேல்லை. அப்ருட்சோ மலைக்க ஸ்கான்னோ எண்ட ஊரில ஒளிச்சிருந்து, 1944 மார்ச்சில ஒரு யூத நண்பரையும் கூட்டிக்கொண்டு, இன்னும் கன பேரோட மயெல்லா மலையை பனிக்குள்ளால நடந்து கடந்து நேசப்படை நிண்ட பக்கம் போய்ச் சேர்ந்தவர். இப்பவும் பள்ளிக்கூடப் பிள்ளையள் வருசா வருசம் அந்தப் பாதையால நடக்கினம்.

இதை ஆருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு இருக்கிறன்? சண்டை நேரம் யாழ்ப்பாணத்தில இருந்து வெளிய வர கிளாலிக் கடலை ராவில கடந்த சனத்துக்கு. 92ல நான் கடக்கேக்க வள்ளத்தில குழந்தையள் அழாமல் இருக்க தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவை, தூரத்தில ஒரு வெளிச்சம் தெரிஞ்சா எல்லாரும் குனிஞ்சு வள்ளத்துக்க படுத்தனாங்கள். அப்பிடி வந்த நாங்கள், இருட்டில உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு மலை கடந்த ஒருத்தரை "பாங்க்காரன் தானே" எண்டு சொல்லிச் சிரிக்கிறம். எனக்கு விளங்கேல்லை, உண்மையா விளங்கேல்லை.

யுத்தம் முடிய லிவோர்னோவில பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுக்கொண்டு இருந்தவர். மனிசி பிராங்காதான் வங்கிப் பரீட்சை எழுதுங்கோ எண்டு தள்ளினது. பிறகு மச்செராத்தா மாதிரி சின்ன ஊர்க் கிளையள்ல கனகாலம், ரோமுக்கு ஆய்வுப் பகுதிக்கு எடுபட்டது 1960ல. கவர்னர் கதிரையும் பூப்போட்டுக் குடுத்தது இல்லை. 1979ல அவருக்கு முன்னம் இருந்த பவோலோ பாஃபி மேல வழக்குப் போட்டு, துணையா இருந்த சார்சினெல்லியை மறியலிலயே வைச்சவை, பிறகு ரெண்டு பேர்லயும் ஒரு பிழையும் இல்லையெண்டு தீர்ப்பு வந்தது. மிலானில சின்டோனா எண்ட வங்கி முதலாளியின்ர களவைத் துருவின அம்புரோசோலி எண்ட வக்கீலை அதே வருசம் யூலையில சுட்டுக் கொலை செய்தவங்கள். அந்த வருசம் ஒக்டோபரிலதான் இவர் அந்தக் கதிரையில போய் இருந்தவர்.

இனி "ஆர் வோட்டுப் போட்டது" எண்ட கேள்வி. சரி, ஆரும் போடேல்லை. எம்பியா இல்லாத ஒருத்தர் பிரதமரா வந்தது இந்தக் குடியரசில அதுதான் முதல் தரம், ஒத்துக்கொள்ளுறன். ஆனா அவர் பிரதமரா வந்த 1993 ஏப்ரல் எப்பிடிப்பட்ட ஏப்ரல் எண்டு தெரியாமல் கதைக்கக்கூடாது. வோட்டு வாங்கி வந்த கட்சியள் எல்லாம் லஞ்ச விசாரணையில நாறிக்கொண்டு கிடந்தது. சாம்பி பதவி ஏற்ற அடுத்த நாள் ரோமில சனம் ஒரு ஹோட்டல் வாசல்ல நிண்டு, முந்தி பிரதமரா இருந்த கிராக்சி மேல சில்லறைக் காசு எறிஞ்சது. எறி வாங்கினவர் வோட்டு வாங்கி வந்தவர்தான் தம்பி, அதையும் ஒருக்கா யோசியுங்கோ. சாம்பி வந்தார், யூலையில தொழிற்சங்கங்களையும் முதலாளிமாரையும் ஒரு மேசையில இருத்தி சம்பள ஒப்பந்தம் செய்தார், அதே மாசக் கடைசியில ஒரே ராவில மிலானிலயும் ரோமிலயும் குண்டு வெடிச்சு, பிரதமர் அலுவலகத்து ரெலிபோனும் வேலை செய்யாமல் போக, ஆட்சிக் கவிழ்ப்போ எண்டு பயந்ததா அவரே பிறகு சொன்னவர். அந்தக் கோடையிலயே புதுத் தேர்தல் சட்டம் வந்தது. அடுத்த மார்ச்சில தேர்தல். அதில அவர் நிக்கேல்லை, அடுத்த அரசாங்கம் வர விட்டுட்டுப் போனவர். கதிரையில ஒட்டிக்கொண்டு இருக்கிறவையைப் பாத்துப் பழகின எங்களுக்கு இது சின்ன விசயமோ?

சாம்பி கொண்டு வந்த யூரோவாலதான் சாமான் விலை ஏறினது எண்டு எழுதப் போறியள், தெரியும். எனக்கும் ஏறினது. ஆயிரம் லீராவுக்கு வாங்கின சாமான் ஒரு யூரோ ஆனதை நானும் எண்ணிக் குடுத்தனான். ஆனா ஒரு யூரோவுக்கு கிட்டத்தட்ட 1936 லீரா எண்டு சட்டத்தில இருக்க, ஆயிரத்தை ஒண்டெண்டு மாத்தினது கடைக்காரன். அதுக்கும் சாம்பியையோ பிடிக்கிறது?

92 செப்டம்பரில லீரா விழுந்தது, கையிருப்பு கரைஞ்சது, அப்ப கவர்னர் இவர்தான். அதை நான் மறைக்கேல்லை. ஆனா அந்த யூலையில சனத்தின்ர வைப்புக் காசில ஆயிரத்துக்கு ஆறு வெட்டினதையும் இவர்ர தலையில கட்டுறியள் பாருங்கோ, அது அப்ப பிரதமரா இருந்த அமாத்தோவின்ர அரசாங்கம். ஒருத்தரைத் திட்டுறதெண்டா ஆளைச் சரியாப் பாத்துத் திட்டுங்கோ.

பணக்காரரின்ர ஆளாம். 1999ல பாராளுமன்றத்தில முதல் சுற்றிலயே 707 வோட்டோட ஜனாதிபதி ஆனவர், 2003 டிசம்பரில அப்ப பிரதமரா இருந்த பெர்லுஸ்கோனியின்ர ரிவி கம்பெனிக்கு வாய்ப்பா வந்த ஊடகச் சட்டத்தில கையெழுத்து வைக்காமல் பாராளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினவர். அண்டைக்கு இத்தாலியில பெர்லுஸ்கோனியை விடப் பெரிய பணக்காரர் ஆர் இருந்தது?

ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் அண்ணை எண்டு ரெண்டு பேர் இன்பொக்ஸில கேட்டவை. சொல்லுறன். ஊரில நானும் பாங்க்காரன். யாழ்ப்பாணத்தில ஒரு கிளையில கவுண்டரில இருந்தனான், காசு எண்ணி எண்ணி பெருவிரல் தோல் மினுங்கும். 93 ஒக்டோபரில பலெர்மோவுக்கு வந்து இறங்கேக்க பிரதமர் இதே சாம்பிதான். வந்த நாளில இருந்து நான் ஆர்? "பிலிப்பீனோ", பிலிப்பைன்ஸ்காரன். வீடு துடைக்கிறவன் எந்த நாடெண்டாலும் இஞ்ச அதுதான் பேர். நான் வேலை செய்த வீட்டு அம்மா கெட்டவ இல்லை, சாப்பாடு தருவா, நத்தாருக்கு பிள்ளையளுக்கு உடுப்புத் தருவா. ஆனா ரெலிபோனுக்குப் பக்கத்தில இருந்த டயறியைத் துடைக்கேக்க ஒருநாள் கண்டனான், எஃப் எழுத்தில தொடங்கிற பேருகளின்ர பக்கத்தில என்ர நம்பர், பக்கத்தில "பிலிப்பீனோ" எண்டு எழுதியிருந்தது. துடைச்சுப்போட்டு திரும்ப அதே இடத்தில வைச்சனான்.

2001 டிசம்பரில அவ வங்கியில இருந்து யூரோச் சில்லறைப் பொதி எடுத்துக்கொண்டு வந்தவ, 25,000 லீராவுக்கு 53 நாணயக் குத்தி. பிளாஸ்ரிக் உறையைப் பிரிச்சு குசினி மேசையில கொட்டினா. ஒரு யூரோவைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, இதில என்ன ஒரு மனுசன் நாலு கையோட நிக்கிறான் எண்டு கேட்டா. நான் பேப்பரில வாசிச்சிருந்தனான், அது லியோனார்தோ கீறினது, மற்றக் குத்தியளுக்குச் சனம் ரிவி பாத்து ரெலிபோனில வோட்டுப் போட்டது, இதை மட்டும் சாம்பி திறைசேரி மந்திரியா இருக்கேக்க தானே தெரிவு செய்தவர், காசுதான் மனுசனுக்கு, மனுசன் காசுக்கு இல்லையெண்டு காட்ட, எண்டு சொன்னன். அவ கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தா. உனக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?

ஊரில வங்கியில வேலை செய்தனான் எண்டன்.

கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு எழும்பிப் போய் டயறியை எடுத்துக்கொண்டு வந்து, என்ர முழுப் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னா. எட்டு வருசத்தில அண்டைக்குத்தான் முதல் தரம். அந்தச் சொல்லை வெட்டிப்போட்டு மேல சின்னனா எழுதினவ, பக்கத்தை மாத்தேல்லை, அதே எஃப் பக்கத்திலதான்.