ஒப்பாரிக் குழுவிலிருந்து ஒரு பதில்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். வெட்டி எடுத்துப் பரப்பிய துண்டை மட்டுமல்ல, முழு உரையையும் பார்த்தேன். ஆகவே "சூழல் தெரியாமல் பேசாதே" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

பேசியவர் பெரிய மருத்துவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். "அரிய நோய்க்காரர்கள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் கூடி ஒப்பாரி வைக்கிறார்கள், வைக்கட்டும், அது ஆறுதல். ஆராய்ச்சியை மட்டும் எங்களிடம் விட்டுவிடட்டும்" என்றார். அரங்கம் சிரித்தது. அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

சரி ஐயா, விட்டுவிடுகிறோம். ஆராய்ச்சிக்கு ஆள் எங்கிருந்து எடுப்பீர்கள்?

எனக்கு இருப்பது ஜிஎன்இ மயோபதி என்ற பரம்பரைத் தசைநோய். உடம்பில் சியாலிக் அமிலம் என்ற ஒரு வகைச் சர்க்கரை உருவாவதற்குத் தேவையான ஒரு நொதியின் மரபணுவில் கோளாறு. பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். முதலில் பாதத்தைத் தூக்கும் தசை போகும், பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. தொடையின் முன்பக்கத் தசை மட்டும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனாலேயே பார்க்கிற மருத்துவர்கள் குழம்பிப்போகிறார்கள். பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் ஒன்பது பேர் வரை இருக்கலாம் என்று உலகக் கணக்கு சொல்கிறது. அதை வைத்துப் பெருக்கினால் ஏழரைக் கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டில் எழுபத்தைந்து பேரும் இருக்கலாம், அறுநூறைத் தாண்டியும் இருக்கலாம். உண்மையில் எத்தனை பேர்? மேடையில் இருந்த யாராவது சொல்லட்டும். இந்திய அரசு 2021இல் வெளியிட்ட தேசிய அரிய நோய்க் கொள்கையே, போதுமான தரவு இல்லாததால் அரிய நோய் எது என்பதற்கு ஒரு வரையறை தர முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. எங்களை யாரும் எண்ணவில்லை. நாங்களேதான் எங்களை எண்ணிக்கொண்டோம். அதைத்தான் அவர் ஒப்பாரி என்கிறார்.

என் கதையைப் பலமுறை எழுதிவிட்டேன், பழைய நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முடித்த புதிதில் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், எனக்குத் தெரியாது. அம்மா செருப்பை மாற்றச் சொன்னார். மாற்றினேன். பிறகு படியில் தடுக்கத் தொடங்கியது. ஒரு மருத்துவர் முதுகெலும்பு டிஸ்க் என்றார். இன்னொருவர் நரம்பு என்றார். மூன்றாமவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம், "கல்யாணம் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும்" என்றார். முதுகில் அறுவை சிகிச்சைக்குத் தேதிகூடக் குறித்தார்கள், பெரிய மருத்துவமனையில்தான்.

அந்தத் தேதிக்கு முன்னால் நான் நடக்கும் வீடியோவை ஒரு தசைநோய்க் குழுவில் போட்டேன். சூரத்தில் இருந்து ஒருவர் பதில் போட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. தன் காலை வீடியோ எடுத்து அனுப்பினார். அதே நடை. குதிகாலில் நிற்க முடியாத அதே பாதம். அவரைத் தசை அழற்சி என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்து வைத்திருந்தார்கள். "ஜிஎன்இ ஜீன் டெஸ்ட் எடு" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அனுப்பினார். எடுத்தேன். அதுதான். வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத என் முதுகு அந்த வாரம் தப்பியது. மருத்துவப் பட்டம் இல்லாத ஒரு மனிதர் கைப்பேசியில் கண்டுபிடித்ததை, பட்டங்களைச் சுவரில் மாட்டியிருந்த மூவர் கண்டுபிடிக்கவில்லை. இதையும் ஒப்பாரிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

"தனிப்பட்ட அனுபவம் ஆராய்ச்சி ஆகாது" என்று ஒரு தம்பி நேற்றே எழுதிவிட்டார். ஆகாது தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சியையே பேசலாம்.

இந்த நோயின் மரபணுவை ஜெருசலேமில் ஸ்டெல்லா மித்ரானி ரோசன்பாமின் குழு கண்டறிந்து 2001இல் வெளியிட்டது. ஈரானிய யூதக் குடும்பங்கள் முன்வந்து ரத்தம் கொடுக்காமல் அது நடந்திருக்காது. லாஸ் ஏஞ்சலீஸில் டார்விஷ் சகோதரர்கள் இருவரும் மருத்துவர்கள், இருவருமே நோயாளிகள். தங்கள் நோய்க்கு யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை என்பதால் தாங்களே அமைப்புத் தொடங்கினார்கள். நம் நாட்டில், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அமீபா ஒட்டுண்ணியை ஆராய்ந்துகொண்டிருந்த அலோக் பட்டாச்சார்யா, சுதா பட்டாச்சார்யா தம்பதி, தங்கள் குடும்பத்துக்குள்ளேயே இந்த நோய் வந்தபோது நோயாளிகளுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆய்வாளர், நோயாளி, குடும்பத்தார் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றதால் நகர்ந்த வண்டி இது. இதில் எந்த இடத்தில் நாங்கள் இறங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர்?

மருந்துக்கு வருகிறேன். சியாலிக் அமிலத்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரையின் மூன்றாம் கட்டப் பரிசோதனைக்குப் பல நாடுகளில் தேடிச் சேர்த்தவர்கள் 89 பேர். நூறுகூட இல்லை. 2017இல் அது தோற்றது. எதிர்பார்த்த பலன் இல்லை என்று நிறுவனம் கைவிட்டது. அன்று குழுவில் உண்மையிலேயே அழுதோம், அதை மறைக்கவில்லை. ஆனால் ஜப்பானிய நோயாளிகள் விடவில்லை. 2008இல் தொடங்கிய அவர்களது சங்கம் தெருவில் நின்று லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கி, அமைச்சகத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அங்கே தனியாகப் பரிசோதனைகள் நடந்தன. 2024இல் ஜப்பான் அந்த மருந்துக்கு அனுமதி அளித்தது. இந்த நோய்க்கு உலகிலேயே அனுமதி பெற்ற முதல் மருந்து. அது குணப்படுத்தாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த "கொஞ்சம்" என்பது தன் கையால் தலைவாரிக்கொள்ளும் இன்னும் சில வருடங்கள் என்று அந்த அரங்கத்தில் யாருக்காவது புரிந்திருக்குமா?

அடுத்த குற்றச்சாட்டு எனக்கு மனப்பாடம். நோயாளிகள் வதந்தியை நம்புவார்கள், ஒருவர் மருந்து சாப்பிட்டால் எல்லோரும் சாப்பிடுவார்கள், அறிவியல் கெட்டுவிடும். நடந்ததைச் சொல்கிறேன். 2008இல் இத்தாலியில் இருந்து ஓர் ஆய்வு வந்தது, லித்தியம் என்ற மருந்து, தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏஎல்எஸ் நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று. வதந்தி இல்லை, பெயர்பெற்ற ஆய்விதழில் மருத்துவர்கள் எழுதியது. உயிர் போகிற நோயாளிகள் தங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதோடு நிற்காமல், அளவையும் விளைவையும் பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற தளத்தில் பதிந்துகொண்டே வந்தார்கள். அதே நிலையில் இருந்த, லித்தியம் எடுக்காத நோயாளிகளுடன் அந்தப் பதிவுகளை ஒப்பிட்டு, அந்தத் தளத்தின் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். பலன் எதுவும் இல்லை என்பதுதான் முடிவு. முறையான மருத்துவப் பரிசோதனைகளும் பிறகு அதையே சொல்லின. பொய்யான நம்பிக்கையைக் கொடுத்தது ஆய்வுக்கூடம். அதை உடைத்ததில் நோயாளிகள் தங்கள் உடம்பை வைத்து எழுதிய கணக்குக்கும் பங்கு உண்டு.

குழுக்களில் மூலிகை எண்ணெய் விற்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மருத்துவமனை வாசலிலும் இருக்கிறார்கள்.

அந்தரங்கத் தகவல் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் எக்செல் பட்டியலில் பெயர் கிடையாது. நோய் தொடங்கிய வயது, மரபணு மாற்றம், கணுக்கால் பட்டை போட்ட வயது, சக்கர நாற்காலிக்கு வந்த வயது, பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்களா என்பது. இவ்வளவுதான். இதுவும் பாதுகாப்பில்லை என்பவர்கள் மாற்று வழி சொல்லட்டும், கேட்கிறேன். ஆனால், யாருடைய அந்தரங்கத்தை இதுவரை யார் காப்பாற்றினார்கள்? நோயின் பெயர் தெரிந்த அன்றே அத்தை சொன்னது, "வெளியே சொல்லாதே, தங்கைக்கு வரன் வராது." தங்கையைக் கேட்காமல் தங்கைக்காகப் பேசினார்கள். அம்மா தன் தாய்மாமனையே மணந்தவர். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். விசேஷ வீடுகளுக்கு அம்மா போவதையே நிறுத்திவிட்டார். அந்தக் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திவைத்த பெரியவர்கள் எல்லோரும் இன்றும் எல்லா விசேஷங்களிலும் முன்வரிசையில்தான் அமர்கிறார்கள்.

அந்த எக்செல் பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். உறவே இல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். இந்திய நோயாளிகளிடம் அடிக்கடி தென்படும் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, அதைச் சுமப்பவர்கள் தெரியாமலே எத்தனையோ குடும்பங்களில் இருப்பார்கள் என்று விளக்கினேன். அம்மா அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். எந்த மருத்துவரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. கேட்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை, சொல்ல அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். வரட்டும். மருத்துவர்கள் எல்லோரையும் திட்டுகிறேன் என்று சொல்பவர்களுக்கு: இல்லை. என் மரபணு அறிக்கையை வரி வரியாக விளக்கியவர் ஒரு மருத்துவர்தான், குழுவில் இரவு பதினொரு மணிக்கும் பதில் போடுகிறவர். அவரைப் போன்றவர்களை அந்த மேடைக்கு ஏன் அழைப்பதில்லை என்பது வேறு பதிவுக்கான விஷயம். ஒரு ஆய்வுக்குழு தென் மாவட்டங்களில் நோயாளிகள் வேண்டும் என்று கேட்டபோது, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டுப் பேசி, பயத்தைப் போக்கி, வண்டி ஏற்பாடு செய்து அனுப்பியவர்கள் நாங்கள். நன்றி சொல்லவில்லை, அதுகூடப் பரவாயில்லை. சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

கமெண்டில் "விரைவில் குணமடைய வாழ்த்துகள்" போடாதீர்கள், அது அப்படிப்பட்ட நோய் இல்லை. உங்கள் வீட்டில் இருபது, முப்பது வயதில் யாருக்காவது செருப்பு தானாகக் கழல்கிறது, குதிகாலை ஊன்றிப் பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியவில்லை, டிஸ்க் என்று சொல்லி மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், தசைநோய் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கும் உள்பெட்டியில் எழுதுங்கள், பட்டியலில் தென்காசிப் பக்கம் இன்னும் ஒருவர்கூட இல்லை. எண்ணெய் விற்பவர்கள் வந்தால் பிளாக் செய்வேன்.