மிச்சம் இருக்கும் கோடீஸ்வரன்

முதுகுப்பையோடு மூன்று வாரம் வியட்நாமைச் சுற்றிவிட்டு, கடைசி நாள் ஹனோயின் ஹோவான் கியெம் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். பயணத்தை அசைபோடலாம் என்றுதான். ஆனால் நான் எண்ணியது அந்நாட்டுப் பணமான டாங் நோட்டுகளை.

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். முதல் நாளே கோடீஸ்வரன் ஆகிவிடலாம், அது சரி. ஆனால் எல்லா நோட்டிலும் அந்நாட்டுத் தலைவராக இருந்த ஹோ சி மின் முகம். 20,000 நீலம், 5 லட்சமும் கிட்டத்தட்ட அதே நீலம்! அவசரத்தில் முட்டைக் காபிக்கு எதை நீட்டினேனோ, அந்தக் கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷி.

நாட்டைவிட்டுக் கிளம்பும்போது பார்த்தால் பை முழுக்க 1,000, 2,000 சில்லறை. 2,000 டாங்குக்கு ஒரு இட்லிகூடத் தேறாது. விமான நிலைய நாணய மாற்றுக் கவுன்டரில் நீட்டினேன், சின்ன நோட்டு வேண்டாம் என்று தலையாட்டினார்கள். ஊருக்கு வந்து ஒரு நாணய மாற்றுக் கடையில் கேட்டால், "டாங்கா? அதெல்லாம் எடுக்கறதில்ல சார்."

கைப்பைக்கு 7 கிலோதான் என்று சட்டை இரண்டை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தவன் நான். இந்தக் காகிதக் கட்டை மட்டும் பத்திரமாகச் சுமந்து வந்திருக்கிறேன். இப்போது புத்தகத்துக்குள் அடையாளம் வைக்க உதவுகிறது.