விதை கிடைக்கிறது, அரைக்கத்தான் ஆலை இல்லை

சிறு விவசாயிகள் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்க மரபு நெல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று உங்கள் இதழில் கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பெற்ற 2 கிலோ காட்டுயானம் என்ற சிவப்பரிசி மரபு நெல் விதையில் தொடங்கியவன் நான். அங்குள்ள வழக்கப்படி மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தேன். இயற்கை விவசாயி நெல் ஜெயராமன் தேடிச் சேர்த்த 174 மரபு நெல் ரகங்கள் பலர் வயலுக்குப் போனது இந்த இரட்டிப்புக் கணக்கில்தான்.

கார்த்திகை மழையில் முழங்காலளவு தண்ணீர் ஒரு வாரம் வடியவில்லை. பக்கத்து வயலின் குட்டை ரகம் அழுகியது. ஆள் உயரம் வளரும் என் பயிர் தலை தூக்கி நின்றது. (யூரியா போட்டால் இதுவும் படுத்துவிடும், அது வேறு கதை.)

சிக்கலே அறுவடைக்குப் பிறகுதான். ஆறு மூட்டையோடு அரிசி ஆலைக்குப் போனால், "இதுக்காக மிஷினைத் துடைச்சு ஓட்ட முடியாதுங்க, கலந்துபோயிடும்" என்கிறார்கள். வேறோர் ஆலையில் கெஞ்சி அரைத்தேன். சிவப்புத் தவிடு முழுவதும் தீட்டப்பட்டு, ரேஷன் அரிசி போல வெளுத்து வந்தது. அதை யார் கூடுதல் விலைக்கு வாங்குவார்கள்? ஊருக்கு ஒன்றாக, தவிட்டைத் தீட்டாமல் உமியை மட்டும் நீக்கும் சிறிய இயந்திரம் வேண்டும் என்று இவ்வளவு நீளக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே ஐயா!