கடைசி ஆறு சுற்றை எங்கே கொண்டுபோய்ப் போட்டீர்கள்?

நாலு மணி நேரம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு வானொலியில் கேட்ட கார்ப் பந்தயத்தை, முடிகிற நேரம் பார்த்து அறுத்துவிட்டு, மூட்டுவலி மாத்திரை விற்கிறவரை உள்ளே விட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை. வட கரோலினாவின் சார்லட் ஓடுதளத்தில் கோகோ கோலா 600. அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம், அதாவது சாலையில் ஓடும் கார் உருவத்தில் கட்டிய கார்களின் பந்தயம், நடத்துகிற அமைப்பு நாஸ்கார். அதன் பந்தயங்களிலேயே நீளமானது இதுதான். ஒன்றரை மைல் தளத்தில் 400 சுற்று, மொத்தம் 600 மைல். மாலை வெயிலில் தொடங்கி, இரவு பத்து மணியையும் தாண்டி ஓடும். நான் குடியிருக்கும் ஊர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தனி ஆள். நாற்பது வருடம் கார் மெக்கானிக்காக இருந்தவர். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. பந்தயம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் முன் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, பழைய டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நானும் போய் உட்காருவேன். எனக்கு இந்தப் பந்தயத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

ஆமாம், கேட்க. பார்க்க இல்லை. ஸ்டாக் கார் பந்தயத்தை வானொலியில் கேட்காதவர்களுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நாற்பது கார்கள் ஒரு நீள்வட்டத்தில் மணிக்கு 180 மைல் வேகத்தில் சுற்றுகின்றன. சார்லட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 30 விநாடி. இதை ஓர் ஆள் ஓரிடத்தில் உட்கார்ந்து சொல்லி முடியாது. அதனால் தொடக்கக் கோட்டுக்கு மேலே உள்ள அறையில் ஒருவர். ஒன்றாம், இரண்டாம் வளைவுகளைப் பார்க்கிற மாதிரி ஒரு கூரையிலோ சாரத்திலோ இன்னொருவர். மூன்றாம், நான்காம் வளைவுகளுக்கு மற்றொருவர். டேடோனா மாதிரி இரண்டரை மைல் தளம் என்றால் பின்பக்க நேர்பாதைக்கென்றே ஓர் ஆள். கீழே டயர் மாற்றும் பிட் பாதையில் மைக்கோடு ஓடிக்கொண்டிருப்பவர்கள் தனி. கார்கள் இவர் பார்வையை விட்டு நகரும்போது பேச்சும் அடுத்தவருக்கு நகரும். "இனி நீங்கள் சொல்லுங்கள்" என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, பார்த்திருப்பீர்கள். ஒரு கல் கீழே விழாது. அப்படித்தான் ஒருவர் விட்ட வாக்கியத்தை அடுத்தவர் பிடிப்பார். ஆளுக்குப் பத்து விநாடி. நாலு மணி நேரம். 400 சுற்று.

பெரியவர் கேட்கும்போது அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பார்க்க வேண்டும். நாற்காலிக் கையின் மேல் ஒரு நீள்வட்டம் போட்டபடியே இருக்கும். குரல் மாறுகிற இடத்தில் விரலும் வளைவில் திரும்பும். ஒரு கார் சுவரில் இடித்தது என்றால் அந்த இடத்தில் விரல் நிற்கும். கண் இருக்கிற நான் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, கேமரா காட்டுகிற நாலு காரைத்தான் பார்ப்பேன். அவருக்கு நாற்பதும் தெரியும். பன்னிரண்டாவது இடத்தில் யார், அவருக்குப் பின்னால் யார், கடைசியாக எப்போது டயர் மாற்றினார் என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

இது ஒன்றும் நேற்று முளைத்த கலை இல்லை. 1970-இல் நாஸ்காரை நிறுவிய பில் பிரான்ஸும் வர்ணனையாளர் கென் ஸ்குவயரும் சேர்ந்து எம்.ஆர்.என். என்ற வானொலிப் பின்னலைத் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் தொலைக்காட்சியில் முழுப் பந்தயத்தை நேரலையாகக் காட்டும் வழக்கமே கிடையாது. முதல் கொடியிலிருந்து கடைசிக் கொடி வரை டேடோனா 500 பந்தயத்தை சி.பி.எஸ். தொலைக்காட்சி காட்டியது 1979-இல்தான். அன்று தொலைக்காட்சியில் பேசியவரும் அதே ஸ்குவயர்தான். வெர்மான்ட்டில் ஒரு சின்ன ஊர் வானொலி நிலையத்திலிருந்து வந்தவர். எம்.ஆர்.என்.னில் வர்ணனை சொன்ன பார்னி ஹால் என்று ஒருவர், இதே வட கரோலினாவில் எல்கின் என்ற ஊர்க்காரர். பத்துக் கார் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கும்போதும் அவருடைய குரல் பதறாது என்று பெரியவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். பார்னி ஹால் 2016-இலும் ஸ்குவயர் 2023-இலும் போய்விட்டார்கள். அவர்கள் இரண்டு பேர் பெயரிலும் நாஸ்கார் ஒரு விருது கொடுக்கிறது. விருது கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அவர்கள் உண்டாக்கிவைத்ததைக் கடைசி வரை கேட்க ஒரு வழி விட்டு வையுங்கள் ஐயா!

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பந்தயம் போடுவது ஒரு சின்ன ஏ.எம். நிலையம். எட்டரை மணியை ஒட்டி இருட்டியது. குரல் தேய ஆரம்பித்தது. இரவில் ஏ.எம். அலை வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் போய் வேறு ஊர் நிலையத்தின் மேல் விழும் என்பதால், சூரியன் மறைந்ததும் பல சின்ன நிலையங்கள் சக்தியைக் குறைக்க வேண்டும் என்று இங்கே விதி. விதியை நான் குறை சொல்லவில்லை. அந்த நிலையத்துக்குத் துணையாக எஃப்.எம்.மில் ஒரு சின்ன அலை உண்டு. அது எங்கள் மேட்டைத் தாண்டி வராது. டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு வராந்தாவின் நாலு மூலைக்கும் போனேன். தூணை ஒட்டி, வடக்குப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தால் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கை மாற்றி மாற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன்.

என்ன பந்தயம் தெரியுமா அது! ராஸ் சாஸ்டெய்ன் முதல்நாள் பயிற்சியில் காரை நொறுக்கிவிட்டார். அவருடைய ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேறொரு காரைத் தயார் செய்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாற்பதாவது இடம், அதாவது கடைசி. முன்னால் வில்லியம் பைரன், சார்லட்டிலேயே பிறந்து வளர்ந்த பையன், 283 சுற்று முன்னணியில் இருந்தார். இரைச்சலுக்குள்ளே சாஸ்டெய்ன் பெயர் ஒவ்வொரு படியாக மேலே வருகிறது. பெரியவர் வாழ்நாள் முழுக்கக் காரைப் பிரித்துக் கோத்தவர் இல்லையா? ராத்திரியில் கட்டிய கார் என்றதும் அவருக்கு மற்ற எதுவுமே கண்ணில் இல்லை. "கட்டினவன் கையைப் பிடிச்சுப் பார்க்கணும்" என்றார். விரல் நாற்காலியில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. மூன்றாம் வளைவிலிருந்து குரல் வர வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிசை. அப்புறம் ஒரு கனிவான குரல், முழங்கால் வலியால் அவதிப்படுகிறீர்களா என்று கேட்டது.

நான் விளம்பரம் என்று நினைத்தேன். பச்சைக் கொடி ஓட்டத்துக்கு, அதாவது கார்கள் முழு வேகத்தில் ஓடுவதற்கு, நடுவிலேயே விளம்பரம் போடுகிற அநியாயம் எங்களுக்குப் பழகிப்போனதுதான். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று காத்திருந்தேன். அந்த ஆள் நிறுத்தவில்லை. காசு கொடுத்து வாங்கிய நேரம், எப்போதோ பதிவு செய்த நிகழ்ச்சி. பந்தயம் போய்விட்டது. பெரியவர் விரல் இரண்டாம் வளைவைத் தாண்டி அப்படியே நின்றது.

போனை எடுத்தேன். வானொலிச் செயலியைத் திறந்தால் புதிய பதிப்பை இறக்கு என்கிறது. இறக்கினால் இருக்குமிடத்தைக் காட்டு, மின்னஞ்சலைக் கொடு என்கிறது. கொடுத்தால் முதலில் ஒரு விளம்பரம். எங்கள் மேட்டில் இணையம் இழுக்கிற இழுப்பு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது ஒருவழியாகப் பேச ஆரம்பித்தபோது கார்கள் நின்றுவிட்டன, வென்றவரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செயலியில் கேட்டால் என்ன, எல்லாரும் அப்படித்தானே கேட்கிறார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். செயலியில் வருவது சாதாரணமாகவே அரை நிமிடத்துக்குப் பின்தங்கித்தான் வரும். சார்லட்டில் அரை நிமிடம் என்றால் ஒரு முழுச் சுற்று! திடலிலேயே உட்கார்ந்து போனில் கேட்கிறவனுக்கு, கண் முன்னால் ஒரு சுற்று, காதில் போன சுற்று. அதோடு, பார்வை இல்லாத எழுபத்தெட்டு வயது மனிதருக்கு வழவழவென்ற கண்ணாடியில் எங்கே தொடுவது என்று எப்படித் தெரியும்? டிரான்சிஸ்டரில் ஒரு குமிழ் இருக்கிறது. அந்தக் குமிழ் நிற்க வேண்டிய இடத்தில் அவர் ஒரு சொட்டு பசையை வைத்து மேடாக்கியிருக்கிறார். விரலால் தடவித் திருப்பிவிடுவார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

தொலைக்காட்சிக்குப் போகலாம் என்றால் அங்கே வேறு கூத்து. 2025-லிருந்து ஏழு வருடத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம். சில பந்தயம் ஃபாக்ஸில், சில பிரைம் வீடியோவில், சில டி.என்.டி.யில், மிச்சம் என்.பி.சி., யு.எஸ்.ஏ.வில். அன்றைய 600 பிரைம் வீடியோவுக்குப் போயிருந்தது. ஒரு பருவம் முழுக்கப் பார்க்க எத்தனை இடத்தில் சந்தா கட்டுவது? பருவம் முழுக்கக் காசு கேட்காமல், கடவுச்சொல் கேட்காமல் வந்துகொண்டிருந்தது வானொலி ஒன்றுதான். லாரி ஓட்டுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை திறந்து வைத்திருப்பவர்கள், இரவுப் பணிக்குக் காரில் போகிற செவிலியர்கள் இவர்களுக்கெல்லாம் அதுதான் பந்தயம். இவர்கள் கணக்கில் வருவதே இல்லையா?

இதற்கு நடுவில் கார் கம்பெனிகள் வேறு. மின்சார மோட்டார் இரைச்சல் கலக்கிறது என்று சொல்லிப் பல மின்சாரக் கார்களில் ஏ.எம்.மையே எடுத்துவிட்டார்கள். கார்ப் பந்தயத்தைக் காரில் கேட்க முடியாமல் செய்கிறார்கள்! ஃபோர்டு கம்பெனியும் தன் புதுக் கார்களில் எடுக்கப்போவதாக இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் 2023 மே மாதம் பின்வாங்கியது. எல்லாக் காரிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்று அதே வருடம் ஒரு மசோதாவும் கொண்டுவந்தார்கள். ஒரு குமிழை வண்டியில் விட்டு வைக்கச் சொல்லி நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்த நிலையத்துக்குப் போன் போட்டேன். திங்கள் விடுமுறை. எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஞாயிறு இரவு நிலையத்தில் ஆளே கிடையாது, எல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது, நேரம் வந்ததும் அது தானாக அடுத்த நிகழ்ச்சிக்கு மாறிவிடும் என்றார். பந்தயம் முடிந்ததா என்று கணினிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்த நேரத்தை ஏற்கெனவே விற்றுவிட்டோம் என்றார். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "இதுவரை புகார் சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

நான் ஒருவன் போன் செய்தால் ஒருவன்தான் கேட்கிறான் என்று அர்த்தமா? டிராக்டர் ஓட்டியபடி கேட்டவர் உங்களுக்கு போன் செய்யவில்லை. வண்டியில் கேட்டவர் செய்யவில்லை. முப்பது வருடமாக அந்த அலையில் முள்ளை நிறுத்தி வைத்திருக்கிற என் பக்கத்து வீட்டுக்காரர் செய்யவில்லை. அவர் யாரையும் குறை சொல்லிப் பழக்கமில்லாதவர். 600 மைல் பந்தயம் நேரம் தாண்டும் என்று தெரியாமலா ஒலிபரப்ப ஒத்துக்கொண்டீர்கள்? மழை பெய்தால் நிற்கும், விபத்து நடந்தால் மஞ்சள் கொடி விழுந்து எல்லாரும் மெதுவாகப் போக வேண்டும், எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பெயர்தான் பந்தயம். வருடத்தில் அந்த ஒரு ராத்திரிக்கு ஓர் ஆளை உட்கார வைக்க முடியாதா? முடியாது என்றால், முடிகிற வரைக்கும் மாறாதே என்று அந்தக் கணினிக்குச் சொல்லி வைக்கவாவது தெரியாதா? மாத்திரைக்காரர் அரை மணி கழித்துப் பேசினால் யாருடைய முழங்கால் கழன்று விழுந்துவிடும்?

அன்று ராத்திரியே யார் வென்றது என்று பெரியவருக்குச் சொல்லிவிட்டேன். சாஸ்டெய்ன்தான். ஆறு சுற்று மிச்சம் இருக்கும்போது பைரனைத் தாண்டி, கடைசி இடத்திலிருந்து வந்து ஜெயித்துவிட்டார். பெரியவர் முகம் மலர்ந்தது. விரலை மறுபடி நாற்காலிக் கையில் வைத்தார்.

"எந்த வளைவுல தாண்டினான்? உள்பக்கமாவா, வெளிப்பக்கமாவா?"

நான் இன்னும் டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றிருந்தேன். அதில் அந்த ஆள் தொலைபேசி எண்ணை இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.